திரும்பி வரும் பாதை: அட்லாண்டிக் கரையில் எட்டு நாள்

மார்ச் 17, லிஸ்பன்

பள்ளியில் படித்தபோது, வாஸ்கோ ட காமா வந்த வழியைச் சமூக அறிவியல் வரைபடத்தில் சிவப்புக் கோடாகப் போட்டிருப்பார்கள். லிஸ்பனில் கிளம்பும் கோடு கொஞ்ச தூரம் ஆப்பிரிக்கக் கரையை ஒட்டி வரும். அப்புறம் கரையை விட்டு விலகி, பிரேசில் பக்கமாக நடுக்கடலில் பெரிய வில் போல வளைந்து, வெகு தெற்கே போய்த் திரும்பி நன்னம்பிக்கை முனைக்கு வரும். நேராகப் போகாமல் ஏன் சார் இப்படிச் சுற்றினார்கள் என்று கேட்டேன். "காற்று அப்படிடா" என்றார் வாத்தியார். அவ்வளவுதான். முப்பது வருஷமாக அந்தப் பதில் மனசில் கிடக்கிறது. அந்தக் காற்றை யார் கண்டார்கள், எதில் குறித்து வைத்தார்கள், கரையே கண்ணில் படாத இடத்தில் தான் எங்கே இருக்கிறோம் என்று ஒரு மாலுமிக்கு எப்படித் தெரிந்தது? இதைத் தேடித்தான் இந்தப் பயணம். லிஸ்பன், லாகோஸ், சாக்ரெஸ், செவில், மாட்ரிட். ஒவ்வொரு நாள் இரவும் எழுதிப் போடுகிறேன்.

தங்கை மகள் இங்கே கட்டடக் கலை படிக்கிறாள். காலையில் அவள்தான் பெலேமுக்கு அழைத்துப் போனாள். தேஜோ ஆறு கடலைத் தொடுகிற இடம். 1497 ஜூலை 8 அன்று ட காமா கப்பல் ஏறிய கரை இதுதான். ஜெரோனிமோஸ் மடத்தின் மேற்குப் பகுதியில் கடற்படை அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளே கப்பல் மாதிரிகள் ஏராளம். நான் தேடி வந்தது அஸ்ட்ரோலேப், வானத்தில் சூரியனின் உயரத்தைக் கோணமாக அளக்கும் கருவி.

கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்குகிறது. கனமான பித்தளை வளையம். நடுவில் குறுக்குச் சட்டங்கள் மட்டும், மற்ற இடமெல்லாம் திறந்து கிடக்கிறது. அடிப்பக்கம் தடிமன் அதிகம். வானியல் அறிஞர்கள் வைத்திருந்த அஸ்ட்ரோலேப் தட்டையான முழுத் தட்டு, அதில் நட்சத்திரப் படமெல்லாம் செதுக்கியிருக்கும். அதைக் கப்பலில் தூக்கிப் பிடித்தால் காற்று அடித்து ஆட்டிவிடும். அதனால் மாலுமிகள் அதன் வயிற்றைக் குடைந்து எடுத்துவிட்டார்கள். காற்று ஊடே போகட்டும், கனம் கீழே இழுக்கட்டும் என்று. இந்த ஒரு மாற்றத்தைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றேன். படிப்பறிவும் தொழிலறிவும் கைகோத்த இடம் இது. உலகம் முழுக்க இந்த வகை நூறு சொச்சம்தான் மிஞ்சியிருக்கிறது. பெரும்பாலானவை மூழ்கிய கப்பல்களிலிருந்து எடுத்தவை.

சூரியனை அதன் வழியாகக் கண்ணால் பார்ப்பதில்லை. சுழலும் சட்டத்தில் இரண்டு தகடுகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஊசித்துளை. இடுப்புயரத்தில் தொங்கவிட்டு, மேல் துளை வழியே வரும் வெயில் கீழ்த் துளையில் சரியாக விழும்வரை சட்டத்தைத் திருப்ப வேண்டும். விழுந்ததும் விளிம்பில் கோணத்தைப் படிக்கலாம். போர்த்துகீசிய மாலுமிகள் இதற்கு வைத்த பெயர் 'சூரியனை நிறுப்பது'. தராசு பிடிக்கிற மாதிரிதானே நிற்க வேண்டும்! "மாமா, நம்ம ஊர்ப் பொன் தராசு ஞாபகம் வருது" என்றாள் மருமகள். எனக்கும் அதேதான்.

அருங்காட்சியகக் கடையில் பழைய மத்தியதரைக் கடல் வரைபடம் ஒன்றின் நகல் வாங்கினோம். போர்ட்டோலான் என்று சொல்லப்படும் வகை. இரவு அறையில் மேஜைமேல் விரித்தேன். இந்த வகையில் மிஞ்சியவற்றில் மிகப் பழையது பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கும் பீசா வரைபடம், 13ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது. அசலெல்லாம் ஆட்டுத்தோலிலோ கன்றுத்தோலிலோ வரைந்தவை. தோலின் கழுத்துப் பகுதியை வெட்டாமல் நாக்கு மாதிரி அப்படியே விட்டிருப்பார்கள்.

முதலில் பார்க்கிறவருக்குச் சிலந்தி வலை மாதிரிதான் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரிய வட்டம், அதன் விளிம்பில் 16 புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் மற்றவற்றுக்குக் கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரு காற்று. வடக்கு, கிழக்கு என்று அவர்கள் சொல்லவில்லை. திரமொந்தானா என்றால் வடக்கு, லெவாந்தே என்றால் கிழக்கு. இது நமக்குப் புதிதா என்ன? வாடை என்றால் வடக்கிலிருந்து, கொண்டல் என்றால் கிழக்கிலிருந்து, தென்றல் தெற்கிலிருந்து, கோடை மேற்கிலிருந்து. திசையைக் காற்றின் பெயரால் அறிந்த மக்களுக்கு இந்தப் படம் சட்டென்று புரிந்துவிடும்.

ஊர்ப் பெயர்கள் கடலில் இல்லை, கரைக்குச் செங்குத்தாக நிலத்துக்குள் எழுதியிருக்கின்றன. பெரிய துறைமுகம் சிவப்பில், மற்றவை கறுப்பில். கரையைச் சுற்றி வரும்போது படத்தையும் சுற்றிச் சுற்றிப் படிக்க வேண்டும். மால்டாவிலிருந்து அலெக்சாந்திரியாவுக்குப் போவதாக வைத்துக்கொண்டேன். இரண்டுக்கும் நடுவே ஸ்கேலை வைத்து, அதற்கு இணையாக எந்தக் காற்றுக்கோடு ஓடுகிறது என்று கவராயத்தால் தேடினேன். கிழக்கே சற்றுத் தெற்காக ஒரு கோடு அகப்பட்டது. அவ்வளவுதான், காம்பஸில் அந்தத் திசையைப் பிடித்துப் போக வேண்டியது. தூரத்தை ஓரத்து அளவுகோலில் கவராயம் நடத்தி எடுக்கலாம். போன தூரத்தை மாலுமி கண்மதிப்பில் சொல்வார், நேரத்தை மணற்கடிகாரம் சொல்லும், அரை மணிக்கு ஒருமுறை கப்பல் பையன் அதைத் திருப்பி வைப்பான்.

மத்தியதரைக் கடலுக்கு இது போதும். சில நாளில் ஏதாவது ஒரு கரை கண்ணில் பட்டுவிடும், தப்பைத் திருத்திக்கொள்ளலாம். அட்லாண்டிக்கில் வாரக்கணக்காகக் கரையே கிடையாது.

மார்ச் 18, லிஸ்பன்

ஆற்றங்கரைச் சதுக்கம், தெரேய்ரோ தோ பாசோ. மஞ்சள் கட்டடங்கள், நடுவே குதிரைமேல் ராஜா. முன்பு ராஜாவின் அரண்மனை இங்கேதான் இருந்தது. இந்தியாவோடு நடந்த வியாபாரத்தைக் கவனித்த அலுவலகமும் அதோடு சேர்ந்தே. நாட்டின் மூல வரைபடத்தை அங்கே வைத்திருந்தார்கள். கப்பல் திரும்பியதும் மாலுமிகள் கொண்டுவந்த தகவலை அதில் ஏற்றுவார்கள், அதைப் பார்த்துத்தான் அடுத்த கப்பலுக்குப் படம் எழுதித் தருவார்கள். 1504இல் மானுவேல் ராஜா, காங்கோ ஆற்றுக்குத் தெற்கே உள்ள கரைகளை வெளியார் பார்க்கும் படங்களில் வரையக்கூடாது என்றே ஆணை போட்டார்.

1755 நவம்பர் 1. பூகம்பம், அது முடிந்ததும் கடல் பொங்கியது, அப்புறம் பல நாள் தீ. அரண்மனையோடு எல்லாம் போயிற்று.

அதனால்தான் இன்று போர்த்துகீசியர் வரைந்த மிகப் பழைய கடல் வரைபடங்களைப் பார்க்க விரும்புகிறவர் போர்த்துகலை விட்டு வெளியே போக வேண்டியிருக்கிறது. பெத்ரோ ரைனெல் 1485 வாக்கில் வரைந்தது பிரான்ஸில் போர்தோ ஆவணக் காப்பகத்தில். ஜோர்ஜே த அகியார் 1492இல் பெயரும் தேதியும் போட்டு வரைந்தது அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில். எல்லாவற்றையும்விடப் பெரியது, 1502ஆம் ஆண்டின் கான்டினோ உலகப் படம், இத்தாலியில் மொதேனா நகரத்தின் எஸ்தென்சே நூலகத்தில்.

அந்தக் கான்டினோ படத்தின் கதையைச் சொல்லாமல் போக முடியாது. ஃபெர்ராரா கோமகனின் ஆள் ஆல்பெர்ட்டோ கான்டினோ, லிஸ்பனில் ஒரு வரைபடக்காரரைப் பிடித்து 12 தங்கக் காசுக்கு ரகசியமாக எழுதி வாங்கி இத்தாலிக்குக் கொண்டுபோனார். வரைந்தவர் பெயர் இன்றுவரை தெரியாது. 1859இல் மொதேனாவில் கலவரம், அரண்மனை சூறையாடப்பட்டது, படம் காணாமல் போயிற்று. பிற்பாடு ஓர் இறைச்சிக் கடையில் மறைப்புத் தட்டியாக நின்றதை நூலகத் தலைவர் கண்டு மீட்டார். ஊரில் பத்திரமாக வைத்தவை எரிந்தன, திருட்டுத்தனமாக வெளியே போனது பிழைத்தது. இந்தச் சதுக்கத்தில் நின்று அதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

மாலையில் மருமகளின் மடிக்கணினியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஆப்பிரிக்காவின் உருவம் இன்றைய அட்லஸுக்கு வெகு அருகில் இருக்கிறது. பிரேசில் கரையில் கிளிகள். மேலிருந்து கீழாகத் தோர்தெசீயாஸ் ஒப்பந்தக் கோடு, போர்த்துகலும் ஸ்பெயினும் புது நிலங்களைப் பங்கு போட்டுக்கொண்ட எல்லை. கீழ்க் கரைகளில் போர்த்துகீசியர் நட்ட கல்தூண்கள். அப்புறம் இந்தியா. பண்டைய புவியியல் அறிஞர் தாலமியின் வழியில் வந்த பழைய படங்களில் இந்தியாவுக்கு முனை என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது, இலங்கைதான் பிரம்மாண்டமாக இருக்கும். இதில் இந்தியா கூரிய முக்கோணமாகத் தெற்கே நீள்கிறது. ட காமா கள்ளிக்கோட்டையிலிருந்து திரும்பி மூன்றே வருஷம். நம் குமரி முனை ஐரோப்பியப் படத்தில் முனையாக ஆன காலம் இதுதான்.

மார்ச் 19, லாகோஸ்

தெற்கே அல்கார்வ் கரைக்கு ரயிலில் வந்தோம். சின்ன ஊர், வெள்ளை வீடுகள். 15ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கக் கரைக்குக் கப்பல் அனுப்பிய போர்த்துகல் இளவரசர் ஹென்றியின் கப்பல்கள் புறப்பட்ட துறைமுகம். அவருடைய மாலுமி ஜில் ஏனிஸ் இந்த ஊர்க்காரர்.

ஆப்பிரிக்கக் கரையில் கிட்டத்தட்ட 26 பாகை வடக்கில் போஹாதோர் என்று ஒரு முனை. 12 வருஷம் ஹென்றி அனுப்பிய கப்பல்களெல்லாம் அதைத் தாண்டாமல் திரும்பின. மாலுமிகள் என்ன காரணம் சொன்னார்கள் என்பதை அரசவை வரலாற்றாளர் சுராரா எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் மனிதர் இல்லை, மரம் இல்லை, நீர் இல்லை. கரையிலிருந்து வெகுதூரம் வரை கடல் ஆழமே இல்லை. நீரோட்டம் எப்படிப்பட்டதென்றால், தாண்டிய கப்பல் எதுவும் திரும்பி வர முடியாது.

பூதம், கொதிக்கும் கடல் என்று பின்னால் வந்தவர்கள் கதை கட்டினார்கள். ஆனால் அந்த மாலுமிகள் கடைசியாகச் சொன்னது பயந்தவர் பேச்சு இல்லை, தொழில் தெரிந்தவர் பேச்சு. அந்தக் கரையில் காற்று வருஷம் முழுக்கப் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. நீரோட்டமும் தெற்கே தள்ளுகிறது. போவது சுலபம். வருவதற்கு இரண்டையும் எதிர்க்க வேண்டும். 1434இல் ஜில் ஏனிஸ் தாண்டினார். அந்தப் பக்கத்து மண்ணில் முளைத்த சில செடிகளைப் பிடுங்கி வந்து இளவரசரிடம் கொடுத்தார். தங்கமும் இல்லை, அடிமையும் இல்லை, செடி. போனேன், வந்தேன் என்பதற்கு அத்தாட்சி.

பத்து வருஷத்தில் அது மாறிவிட்டது. ஊர் நடுவில் அடிமைச் சந்தை என்று பெயர் சொல்லும் கட்டடம் இருக்கிறது, இப்போது சின்ன அருங்காட்சியகம். 1444 ஆகஸ்ட் 8 அன்று ஆப்பிரிக்கர் 235 பேரை இந்த ஊர்க் கரையில் இறக்கிப் பங்கு பிரித்தார்கள். ஹென்றி குதிரைமேல் உட்கார்ந்து பார்த்தார். ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு. சுராரா இதையும் எழுதியிருக்கிறார். தாய்மார்கள் பிள்ளைகளை இறுக்கிக்கொண்டு தரையில் குப்புற விழுந்தார்களாம், பிரித்துவிடக்கூடாது என்று. 2009இல் இந்த ஊரில் வாகன நிறுத்துமிடம் கட்டத் தோண்டியபோது பழைய குப்பைக் குழியில் 150க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன.

நேற்றுப் படத்தில் கிளியையும் தூணையும் ரசித்தேன். அந்தக் கரைக்கோடு ஒவ்வொரு விரற்கடையும் நீண்டபோது இதுவும் கூடவே நீண்டது. மருமகள் வெளியே வந்து ரொம்ப நேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. இன்றைக்கு இவ்வளவுதான்.

மார்ச் 20, சாக்ரெஸ்

லாகோஸிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி, ஒரு மணி நேரம். ஐரோப்பாவின் தென்மேற்கு மூலை. மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை, கீழே கடல். பேசினால் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காத காற்று.

இங்கே ஹென்றி பெரிய கடற்பயணக் கல்லூரி நடத்தினார் என்று நான் படித்த பழைய புத்தகங்களில் இருந்தது. அப்படி ஒன்று இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்றுதான் இன்றைய வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள். அவர் இந்தப் பக்கம் வாழ்ந்தார், 1460இல் இங்கே இறந்தார், கப்பல்களுக்குப் பணம் போட்டார். கல்லூரி, பேராசிரியர்கள் எல்லாம் பிற்காலக் கற்பனை. எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. அறிவு ஒரு கட்டடத்துக்குள் உட்கார்ந்து பிறந்ததில்லை, கப்பல் தளத்தில் பல நூறு பேர் கைமாற்றிக் கைமாற்றி வளர்த்தது என்றால் எனக்கு அது இன்னும் பெரிய விஷயம். கோட்டைக்குள் கற்களைப் பதித்து 40 மீட்டருக்கு மேல் அகலமான ஒரு பெரிய சக்கரம் இருக்கிறது. 'காற்று ரோஜா' என்கிறார்கள். சூரியக் கடிகாரம் என்று சொல்கிறவர்களும் உண்டு.

சரி, இன்று நான் செய்ய வந்த வேலைக்கு வருகிறேன். மார்ச் 20ஆம் தேதியை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன். இன்று பகலும் இரவும் சமம், சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே. ஆகவே உச்சியில் சூரியன் தலைக்கு நேர் மேலிருந்து எத்தனை பாகை சரிந்திருக்கிறதோ அதுவே நாம் நிற்கும் அட்சரேகை. வேறு கணக்கே வேண்டாம்.

ஒரு மீட்டர் நீளக் கம்பை நிமிர்த்தி நட்டோம். நூலில் நட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு நேர் பார்த்தோம். இங்கே கடிகாரப்படி பகல் 12:40க்கு மேல்தான் சூரியன் உச்சிக்கு வரும். 12:20 முதல் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நிழல் நுனியில் கூழாங்கல் வைத்தோம். நிழல் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் நின்று, மறுபடி நீளத் தொடங்கியது. மிகக் குறைந்த நிழல் 77 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் 37.6 பாகை. சாக்ரெஸின் அட்சரேகை 37. தப்பு 0.6 பாகை, தரையில் சுமார் 65 கிலோமீட்டர். ஒரு கம்பு, ஒரு நூல், கூழாங்கற்கள், இவ்வளவை வைத்து உலகத்தின் பரப்பில் நான் இருக்கும் இடத்தை 65 கிலோமீட்டருக்குள் சொல்ல முடிகிறது. உடம்பு சிலிர்த்துவிட்டது.

இன்றைக்குத்தான் இது சுலபம். மற்ற நாட்களில் சூரியன் வடக்கே 23 பாகை சொச்சம் வரை போகும், தெற்கே அதே அளவு போகும். எந்தத் தேதிக்கு எத்தனை பாகை என்ற அட்டவணை இல்லாமல் அஸ்ட்ரோலேப் வெறும் பித்தளை. அந்த அட்டவணையைச் செய்தவர் சாலமாங்காவைச் சேர்ந்த யூத அறிஞர் ஆபிரகாம் சக்கூத்தோ. 1492இல் ஸ்பெயின் யூதர்களைத் துரத்தியபோது போர்த்துகலுக்கு வந்தார். அவருடைய பஞ்சாங்கம் 1496இல் லெய்ரியா நகரில் அச்சாயிற்று. லத்தீனில் பெயர்த்தவர் ராஜாவின் வைத்தியர் ஜோசே விசீன்யோ. அதே வருஷக் கடைசியில் போர்த்துகலும் யூதர்களை வெளியேற்ற ஆணை போட்டது. சக்கூத்தோ துனிஸுக்குத் தப்பிப் போனார். அவர் கணக்கு ட காமாவின் கப்பலில் இந்தியாவுக்குப் போயிற்று.

சூரியனை ஏன் பிடித்தார்கள்? துருவ நட்சத்திரம் கைவிட்டதால். வடக்கே இருக்கும்வரை இரவில் துருவ நட்சத்திரத்தின் உயரமே அட்சரேகை. சென்னையில் 13 பாகை உயரத்தில் நிற்கும், இங்கே 37. தெற்கே போகப் போகத் தாழ்ந்துகொண்டே வந்து, நிலநடுக்கோட்டருகே அடிவானத்தில் மறைந்துவிடும். மாலுமிகள் முதலில் பாகையைக்கூட எண்ணவில்லை. கால்வட்டக் கருவியில், அதாவது நூல் தொங்கும் கால் வட்டத் தகட்டில், லிஸ்பனில் நூல் எங்கே விழுகிறதோ அங்கே ஒரு குறி, மதேயிரா தீவில் விழும் இடத்தில் ஒரு குறி, இப்படி ஊரைத்தான் குறித்துக்கொண்டார்கள்.

சாப்பிட்டுவிட்டு எட்டரை மணிக்கு மறுபடி பாறைப் பக்கம் போனோம். கோணமானி, உறிஞ்சு குழல், நூல், நட்டு கொண்டு ஊரிலேயே செய்து எடுத்து வந்த கால்வட்டம். நான் குழல் வழியே நட்சத்திரத்தைப் பிடிக்க, மருமகள் டார்ச் அடித்து நூலைப் படித்தாள். 36. 39. 35. 38. "மாமா, ஆடாம நில்லுங்க!" காற்றில் நூல் நிற்கவே இல்லை. இத்தனைக்கும் எங்கள் காலடியில் பாறை.

1500இல் போர்த்துகீசியத் தளபதி கேப்ரால் பிரேசில் கரையைத் தொட்டபோது அவரோடு போன மாஸ்டர் ஜோவாவ் என்ற வைத்தியர் ராஜாவுக்கு எழுதிய கடிதம் லிஸ்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தென்சிலுவை நட்சத்திரங்களைப் படம் போட்டுக் காட்டிய கடிதம். கடலில் நட்சத்திர உயரம் எடுக்க முடியவில்லை, கப்பல் எவ்வளவு குறைவாக ஆடினாலும் நாலைந்து பாகை தப்புகிறது, தரையில்தான் முடிகிறது என்கிறார் அதில். எங்கள் நாலு எண்களைப் பார்த்தேன். சிறியதற்கும் பெரியதற்கும் நாலு பாகை வித்தியாசம். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய மனிதர் பக்கத்தில் நின்று பேசியது போல் இருந்தது.

இன்னொன்று. இன்று துருவ நட்சத்திரம் வடதுருவத்துக்கு ஒரு பாகைக்குள் இருக்கிறது. அன்று மூன்றரை பாகை தள்ளி, இரவு முழுக்கச் சின்ன வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருக்கும் காவல் நட்சத்திரங்கள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்று பார்த்து, எத்தனை கூட்ட வேண்டும், எத்தனை கழிக்க வேண்டும் என்று மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

மார்ச் 21, செவிலுக்குப் பஸ்ஸில்

மருமகள் லிஸ்பனுக்குத் திரும்பிவிட்டாள், வகுப்பு இருக்கிறது. எனக்கு லாகோஸிலிருந்து பஸ். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, வாத்தியாரின் பதிலைப் பற்றி எழுதுகிறேன்.

மேற்கு ஆப்பிரிக்காவின் கினியா கரையிலிருந்து திரும்பும் போர்த்துகீசிய மாலுமிக்கு வீடு வடக்கே இருக்கிறது. காற்றும் நீரோட்டமும் எதிரே. முக்கோணப் பாய் கட்டிய கராவெல் கப்பல் காற்றை ஓரளவு எதிர்த்து வரும், ஆனாலும் வாரக்கணக்கில் கரையோரம் முட்டி மோத வேண்டும். யாரோ ஒருவர், அல்லது பலர், வேறு வழி கண்டார்கள். கரையை விட்டுவிடு. வீட்டுக்கு முதுகைக் காட்டி வடமேற்கே நடுக்கடலுக்குள் போ. வடகிழக்குக் காற்றைப் பக்கவாட்டில் வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இரு. லிஸ்பனின் உயரத்துக்குத் துருவ நட்சத்திரம் ஏறும்போது, அசோர்ஸ் தீவுகள் பக்கத்தில், மேற்கிலிருந்து காற்று வரும். அது வீடு கொண்டு சேர்க்கும். வோல்த்தா தோ மார், கடலில் திரும்புதல் என்று இதற்குப் பெயர்.

பள்ளி வரைபடத்தின் அந்த வில் இதன் கண்ணாடி பிம்பம். வடக்கே இப்படியென்றால் தெற்கேயும் இப்படித்தான் இருக்கும் என்று நம்பி ட காமா 1497 ஆகஸ்டில் கேப் வெர்டே தீவுகளை விட்டுக் கிளம்பினார், நவம்பர் தொடக்கத்தில்தான் தென்னாப்பிரிக்கக் கரையைக் கண்டார். மூன்று மாதம் கரை தெரியாத கடல். அந்தக் கரையில் இறங்கியதும் முதல் வேலையாக மர அஸ்ட்ரோலேப்பைத் தொங்கவிட்டுச் சூரியனை நிறுத்தார். தரையில், ஆடாத இடத்தில்.

இந்துமாக்கடலுக்கு வந்தபின் அவர்கள் பார்த்த கருவி வேறு. கமால் என்ற சின்ன மரப்பலகை, நடுவில் முடிச்சுப் போட்ட கயிறு. கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகையின் கீழ் விளிம்பை அடிவானத்திலும் மேல் விளிம்பைத் துருவ நட்சத்திரத்திலும் பொருத்துவார்கள். நம் சோழமண்டலக் கரை மாலுமிகளும் இதை 19ஆம் நூற்றாண்டு வரை வைத்திருந்தார்கள், ஊருக்கு ஒரு முடிச்சாக. கால்வட்டத்தில் ஊரைக் குறித்த போர்த்துகீசியரும் கயிற்றில் ஊரை முடிந்த நம்மவரும் ஒரே கேள்விக்கு ஒரே மாதிரி பதில் கண்டிருக்கிறார்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

மார்ச் 22, செவில்

பேராலயத்தின் ஆரஞ்சு மர முற்றத்தை ஒட்டிக் கொலம்பஸ் நூலகம் இருக்கிறது. கொலம்பஸின் மகன் எர்னாந்தோ சேர்த்த புத்தகங்கள். அப்பா படித்த புத்தகங்களும் அதில் சேர்த்தி. பியர் தாயி எழுதிய 'இமாகோ முந்தி' என்ற உலக விவரண நூலின் ஓரங்களில் நூற்றுக்கணக்கான குறிப்புகள் நெருக்கி நெருக்கி எழுதியிருக்கின்றன. நகல் பக்கங்களைத்தான் பார்த்தேன். அதுவே போதுமாக இருந்தது.

ஒரு குறிப்பு 1488 டிசம்பரைப் பற்றியது. பார்த்தலோமியோ டயஸ் ஆப்பிரிக்காவின் தென்முனை கண்டு லிஸ்பன் திரும்பி, தான் போன வழியை லீக் லீக்காக (லீக் என்பது அன்றைய தூர அளவு) ஒரு கடல் வரைபடத்தில் வரைந்து எழுதி ராஜாவிடம் காட்டினார் என்கிறது. அந்தப் படம் இன்று இல்லை. அதைப் பற்றிய வரி ஒரு புத்தகத்தின் ஓரத்தில் பிழைத்திருக்கிறது.

இன்னொரு குறிப்பு, ஒரு பாகைக்கு 56⅔ மைல் என்பது. 9ஆம் நூற்றாண்டு வானியலாளர் அல்-ஃபர்கானியின் எண். எண் சரிதான். அரபு மைலில் கணக்கிட்டால் சுமார் 111 கிலோமீட்டர், இன்றைய அளவே. கொலம்பஸ் அதைக் குறுகிய இத்தாலிய மைலாக எடுத்துக்கொண்டார். பூமி கால் பங்கு சுருங்கிவிட்டது. ஆசியாவைக் கிழக்கே தேவைக்கு மேல் நீட்டியும் விட்டார். கானரி தீவுகளிலிருந்து ஜப்பானுக்கு சுமார் 2,400 கடல் மைல் என்று முடிவுக்கு வந்தார். உண்மையில் 10,000க்கும் மேல். நடுவில் வேறு நிலம் இல்லாதிருந்தால் யாரும் உயிரோடு திரும்பியிருக்க மாட்டார்கள்.

அட்சரேகையிலும் அவருக்குக் கை வரவில்லை. 1492 நவம்பரில் கியூபாவில் கால்வட்டத்தால் அளந்து 42 பாகை என்று எழுதினார். கியூபா இருப்பது 21 பாகையில். ஆனால் காற்றை அவர் சரியாகப் படித்திருந்தார். போகும்போது கானரி வரை தெற்கே இறங்கி வடகிழக்குக் காற்றைப் பிடித்தார். வரும்போது வந்த வழியே திரும்பாமல் வடக்கே ஏறி மேற்குக் காற்றைப் பிடித்து 1493 பிப்ரவரியில் அசோர்ஸ் வந்தார். கணக்கு தப்பிய மனிதரைக் கரை சேர்த்தது, போர்த்துகீசிய மாலுமிகள் பல்லாண்டு அடிபட்டுக் கற்ற அந்தத் திரும்புதல்தான். அவர் புகழைப் பாடும் பலர் இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு வருத்தம்.

மார்ச் 23, செவில்

ஸ்பெயினின் கடல்கடந்த ஆட்சிப் பகுதிகளின் ஆவணங்களை வைத்திருக்கும் 'இந்தியாஸ்' ஆவணக் காப்பகத்தைப் பார்த்தேன். 1785இல் தொடங்கியது. செவிலில் 1503இல் தொடங்கிய வணிக அலுவலகமும் லிஸ்பன் போலவே ஒரு மூல வரைபடம் வைத்திருந்தது. 1508இல் அதற்குத் தலைமை மாலுமியாக நியமிக்கப்பட்டவர் அமெரிக்கோ வெஸ்பூச்சி. அந்த மூலப் படமும் மிஞ்சவில்லை. நல்ல வெயில், ஆற்றோரம் நடந்தேன். மாலை மாட்ரிட் ரயில்.

மார்ச் 24, மாட்ரிட்

கடற்படை அருங்காட்சியகம், பிராதோ சாலை. மங்கிய வெளிச்சத்தில், கொலம்பஸோடு பயணம் போன மாலுமி ஹுவான் தெ லா கோசாவின் உலகப் படம். 1500ஆம் ஆண்டு, சாந்தா மரியா துறைமுகத்தில் வரைந்ததாக அவரே எழுதியிருக்கிறார். இரண்டு தோல்களைச் சேர்த்தது, கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மீட்டர் நீளம். அமெரிக்காவைக் காட்டும் படங்களில் மிஞ்சியவற்றுள் மிகப் பழையது. 1832இல் பாரிஸில் ஒரு கடையில் அகப்பட்டது.

முதல் நாள் இரவு மேஜையில் விரித்த அதே காற்றுக்கோடுகள் இதிலும். ஐரோப்பாவும் மத்தியதரைக் கடலும் போர்ட்டோலான் வழக்கப்படி ஊர்ப் பெயர்கள் நெருங்கி நிற்கின்றன. மேற்கே போகப் போகப் பெயர்கள் குறைந்து, புது நிலம் அடர்ந்த பச்சையில், அரை வட்டமாக, பெரிய அளவில். மேற்கு ஓரத்தில் தோலின் கழுத்துப் பக்கம், குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் புனித கிறிஸ்தோபரின் படம். மத்திய அமெரிக்கா இருக்க வேண்டிய இடத்தில். அங்கே வழி உண்டா இல்லையா என்று அன்று யாருக்கும் தெரியாது.

அசோர்ஸைத் தேடினேன், இருக்கிறது. திரும்பி வரும் பாதையை எங்கும் கோடு போட்டுக் காட்டவில்லை. எங்கே எந்தக் காற்று அடிக்கும் என்பதை எந்தப் படத்திலும் வரையவில்லை. அது மாலுமியிடமிருந்து மாலுமிக்கு வாயால் போயிற்று.

பிறகு கியூபாவுக்கு வந்தேன். 1494 ஜூன் 12 அன்று கியூபாவின் தென்கரையில், இது தீவு இல்லை, பெருநிலம்தான் என்று தன் கப்பல்களில் இருந்தவர்கள் எல்லாரையும் கொலம்பஸ் சத்தியம் செய்ய வைத்தார். மாற்றிச் சொல்கிறவர்களுக்கு அபராதம் 10,000 மரவேதி (அன்றைய ஸ்பானியக் காசு), நாக்கையும் அறுப்பதாக நோட்டரி எழுதினார். சத்தியம் செய்தவர்களில் ஹுவான் தெ லா கோசாவும் ஒருவர். வரைபடம் எழுதுபவர் என்றே அந்த ஆவணத்தில் இருக்கிறது.

கண்ணாடியில் நெற்றி படும் அளவுக்குக் குனிந்து பார்த்தேன். ஆறு வருஷம் கழித்து அவர் வரைந்த கியூபா. மேற்கு நுனி கொக்கி போல வளைந்து முடிகிறது. அந்த நுனிக்கு அப்பால் தோல் காலியாக இருக்கிறது, கடல். தீவைச் சுற்றி முழுக்கக் கடல்.